வெள்ளை ஜிமிக்கிப் பூத் திருட்டு பற்றி மச்சான் முத்துலிங்கத்துக்கு

உ

மேற்பிரிவு, ஐந்தாம் நம்பர் லயம்,
நானுஓயா.
ஏப்ரல் 23, வியாழக்கிழமை.

கினிகத்தேனையில் கடை வைத்து நாலு பேர் மதிக்க இருந்துவரும் மச்சான் முத்துலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் மாயாண்டி இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. முருகன் தயவில் நான் உயிரோடு இருக்கிறேன், சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்வதற்கில்லை. நீங்களும் வீரம்மா அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் தங்கை அம்மாக்கண்ணுவும் அங்கே சுகமாகத்தான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவித்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறியவள் வேறெங்கே போயிருக்கப் போகிறாள்? எங்கள் இருவருக்கும் இருக்கிற ஒரே போன் அவள் பையில் போய்விட்டது. அடுத்த வீட்டு ஜீவராணியின் போனை வாங்கிப் பேசினால், “மச்சான், அவ ஒங்ககூட பேசமாட்டாளாம்” என்று சொல்லி நீங்கள் பாதியிலேயே வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உறையின் நாலு ஓரத்தையும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். எங்காவது பிரிந்திருந்தால் வழியில் எவனோ படித்திருக்கிறான் என்று அர்த்தம், உடனே எனக்குத் தெரியப்படுத்தவும்.

விஷயம் இதுதான். நீங்கள் உங்கள் தங்கைக்குப் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். அவள் அங்கே என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். ஆகவே நடந்ததை நடந்தபடி, ஒன்று கூட்டாமல் குறைக்காமல், நானே சொல்கிறேன். கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வாசலில் ஒரு பெயின்ட் வாளியில் வெள்ளை ஜிமிக்கிப் பூச்செடி நிற்கிறதே, உங்களுக்குத் தெரியும். மற்ற ஜிமிக்கிப் பூவெல்லாம் மேலே சிவப்பு, உள்ளே ஊதா, எந்த பங்களா வேலியிலும் தொங்கும். எங்களுடையது மேலும் வெள்ளை, உள்ளும் வெள்ளை, பாலில் முக்கி எடுத்த மாதிரி. முப்பது வருஷமாக அம்மாக்கண்ணு அதைப் பிள்ளை போல வளர்க்கிறாள். அந்த வழியாகப் போகிற பெண்கள் ஒருத்தி விடாமல், “அக்கா, ஒரு குச்சி தாங்கக்கா” என்று கேட்பார்கள். என் காதுபடவே அவள், “தர மாட்டேன், போடி” என்று சொல்லிவிடுவாள். ஒருத்திக்குக்கூட ‘சரி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சரியான கெட்டிக்காரி, நம்ம பொருளை நல்லாக் காப்பாத்துறாள் என்று எனக்கு ஒரே பெருமை. முப்பத்தெட்டு வருஷம், தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுகிற கவ்வாத்து வேலைக்குக் கங்காணியாக இருந்தவன் நான். மலையில் ஒரு கிளை பிசகி வெட்டுப்பட்டாலும் நூறு பேருக்கு நடுவில் எவன் கத்தி என்று கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவன் என் வாசலில் நடந்ததை முப்பது வருஷமாகக் கவனிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் எப்போதும் மலர்க் காட்சி நடக்கும், ஆட்கள் வந்து பார்ப்பார்கள், போவார்கள். இந்த வருஷம் ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் குளத்துப் பக்கம் கொட்டகை போட்டு, செடி விற்கலாம், செடிக்குச் செடி மாற்றிக்கொள்ளலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மாற்றுகிற விதத்தைக் கேளுங்கள் மச்சான். நாம் ஒரு செடியைக் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டுமாம். அவர்கள் ஒரு அட்டைத் துண்டு தருவார்களாம். அதைக் காட்டி, வேறு யாரோ வைத்த செடியில் பிடித்ததை எடுத்துக்கொண்டு நாம் பாட்டுக்குப் போகலாமாம். யார் எதை வைத்தார், யார் எதை எடுத்தார், பேர் இல்லை, ஊர் இல்லை, கையெழுத்து இல்லை! கொழுந்து நிறுக்கிற இடத்தில் இப்படி நடந்தால் தோட்டம் ஒரு வாரம் தாங்குமா? “இதில ஏதோ சூது இருக்கு” என்று நான் சொன்னேன். “ஒங்களுக்கு மழை பெஞ்சாலும் சூதுதான்” என்று அவள் சொன்னாள். அவள் தூங்கின பிறகு, கொட்டகைக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருந்த பதினாலு செடி டின்னின் அடியிலும் அடையாளத்துக்கு வெள்ளைப் பெயின்டில் புள்ளி வைத்தேன்.

வெள்ளை ஜிமிக்கி விற்பதற்கும் இல்லை, மாற்றுவதற்கும் இல்லை, சும்மா நாலு பேர் பார்க்கட்டும் என்று கொண்டுபோவதாகச் சொன்னாள். விற்காத பொருளைச் சந்தைக்கு ஏன் தூக்க வேண்டும்? அப்போதே எனக்கு மனசில் ஒரு மாதிரி பட்டது. வேனில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்தேன். முன் சீட்டில் இருந்தவன் கண்ணாடி வழியாக நாலு தடவை பூவைப் பார்த்தான். நான் துண்டை எடுத்துப் பூவை மூடினேன். அதற்கு அப்புறம் அவன் என்னைப் பார்த்தான்.

கொட்டகையில் முதல் அரை மணி நேரத்திலேயே என் சந்தேகம் சரி என்று ஆகிவிட்டது. நம்முடைய நல்ல ஜெரேனியம் ஒன்றை வைத்துவிட்டு, உங்கள் தங்கை ஒரு கள்ளிச்செடியை எடுத்து வந்தாள். உருண்டையாக, உச்சியில் மஞ்சள் பூவோடு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கென்னவோ அந்தப் பூவின் சிரிப்புப் பிடிக்கவில்லை. லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் பசை! காய்ந்த காகிதப் பூவைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான் ஒருவன்! “பாத்தியா? பாத்தியா?” என்று அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்து எல்லோருக்கும் காட்டினேன். அம்மாக்கண்ணு தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு பூதான் மச்சான் என்னை ஏற்றிவிட்டது. அது மட்டும் உண்மைப் பூவாக இருந்திருந்தால் பிறகு நடந்ததெல்லாம் நடந்திருக்காது.

நடுவில் ஒரு சின்ன விஷயம், அவள் உங்களிடம் பெரிதாகச் சொல்லியிருப்பாள். விற்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சாடியில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு செடி, சிவப்புப் பூ நாலைந்து. இலையைத் தடவிப் பார்த்தேன், நம்ம தேயிலை! பூதான் வேறு, சாதி அதே சாதி. ஒருத்தரும் கவனிக்காமல் கண்டபடி வளரவிட்டு, உள்ளே குச்சி குச்சியாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் கை விடுமா? இடுப்பில் கத்தி இருந்தது. மூன்று நிமிஷம். முழங்கால் உயரத்துக்கு, மேசைப் பலகை போல மட்டமாக, ஒரு வெட்டில்கூடப் பிசிறு இல்லாமல் கவ்வாத்துப் பண்ணிக் கொடுத்தேன். செடிக்குச் சொந்தமான சிங்கள நோனா தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தவர் திரும்பி வந்து, “அய்யோ, மகே மல்! மொகத மே கெருவே?” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். என் பூவை என்ன செய்தாய் என்று கேட்கிறார். சேவை செய்தேன் என்றேன். கொழும்பிலிருந்து ஆறு மணி நேரம் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். உங்கள் தங்கை மூன்று டின் செடியைக் கொடுத்து, காலில் விழாத குறையாகச் சமாதானம் பண்ணினாள். மூன்று மாதத்தில் அது தளிர்க்கிற தளிரைப் பார்த்துவிட்டு அந்த நோனா என்னைத் தேடி வருவார், பாருங்கள்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். பகல் ஒரு மணி இருக்கும். நம்ம ஹலீமின் வீட்டுக்காரம்மா செரீபா வந்தார். ஹலீமை உங்களுக்குத் தெரியும், டவுனில் பேக்கரி வைத்திருக்கிறார், முப்பது வருஷப் பழக்கம். நோன்புப் பெருநாளைக்கு அங்கேயிருந்து வட்டிலாப்பம் வரும், தீபாவளிக்கு இங்கேயிருந்து முறுக்கு போகும். செரீபாவும் அம்மாக்கண்ணுவும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். நான் சாமந்திச் செடிக்குப் பின்னால் குனிந்து நின்று கவனித்தேன். செரீபா வெள்ளை ஜிமிக்கியைத் தொட்டுக் காட்டி, “எனக்கு ஒரு குச்சி தாங்களேன்” என்றார். “தர மாட்டேன்” என்றாள் உங்கள் தங்கை, எப்போதும் போல. சபாஷ் என்று நினைத்தேன். சொன்னவள் அப்படியே முதுகைக் காட்டித் திரும்பிக் குளத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். குளத்தில் என்ன இருக்கிறது? நாலு வாத்து. அவள் முதுகு திரும்பியதும் செரீபா அப்படியும் இப்படியும் பார்த்தார், கைப்பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார், நறுக் நறுக்கென்று நாலு குச்சி! ஈரக் கைக்குட்டையில் சுற்றினார், பையில் போட்டார், ஒரு நன்றிகூடச் சொல்லாமல் நடையைக் கட்டினார்.

மச்சான், என் குரலை உங்களுக்குத் தெரியும். இந்த மலையில் நின்று எதிர் மலையில் இருக்கிறவனை விடியற்காலை வேலைப் பெரட்டுக்குக் கூப்பிட்ட குரல். “களவாணி! களவாணி! புடிங்க!” என்று ஒரு சத்தம் போட்டேன். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். கொட்டகை முழுக்க எங்களைச் சுற்றி வந்துவிட்டது. நானே முன்னால் போய் அந்தக் கைப்பையைத் திறக்கச் சொன்னேன். செரீபா திறந்தார். சீப்பு, மாத்திரை, ஒரு பாக்கெட் பிஸ்கட், ஈரக் கைக்குட்டை, அதற்குள் நாலு குச்சி. “இது எங்க வீட்டுச் செடி! எல்லாரும் பாத்துக்கங்க!” என்று தூக்கிக் காட்டினேன். செரீபாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. தப்பு செய்தவர்கள் அழத்தானே செய்வார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கண்ணீரைப் பார்த்தபோது என் கை கொஞ்சம் இறங்கிவிட்டது.

அப்போதுதான் அம்மாக்கண்ணு திரும்பினாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. “நீங்கல்லாம் ஒரு மனுசனா?” என்றாள். நான் என்ன தப்பு செய்தேன், திருட்டைப் பிடித்தேன், உன் பொருளைக் காப்பாற்றினேன் என்றேன். “ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது. சொல்லவும் கூடாது” என்றாள். செரீபாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். பிறகு அவளை பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். நான் வாளியையும் மிச்ச டின்களையும் பசைக் கள்ளியையும் தூக்கிக்கொண்டு தனியாக வீடு வந்து சேர்ந்தேன். அந்த நாலு குச்சியையும் சாட்சிப் பொருளாக ஒரு பாலிதீன் பையில் கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

‘சொல்லவும் கூடாது’ என்றாளே, அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. புருஷனிடம் சொல்லக்கூடாத அப்படி என்ன இரகசியம்? விடிந்ததும் செடியை வெயிலில் வைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பின்பக்கம், சுவரோரம், பழைய வெட்டுக் காயம் ஒன்று, இரண்டு, பத்து! சில காயம் போன மாதத்தது, சில காயம் பத்துப் பதினைந்து வருஷம் ஆனது. வெட்டுப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். சும்மா பேசுகிற மாதிரி லயத்து வீட்டு வரிசையை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜீவராணி வீட்டு ஜன்னலில் ஒரு மீன் டின், அதில் வெள்ளை ஜிமிக்கி. நாலாவது காம்பரா வீட்டில் வெள்ளை ஜிமிக்கி. தண்ணி பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் வெள்ளை ஜிமிக்கி. கோயில் பின்புறம்கூட வெள்ளை ஜிமிக்கி! இத்தனை வருஷமாக என் கண் முன்னால் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, எங்கள் செடியின் பூ எங்கள் வாசலில்தான் இருக்கும் என்ற நினைப்பில் நான் பார்த்ததே இல்லை. இது ஒருத்தியின் திருட்டு இல்லை, ஒரு லயமே சேர்ந்து செய்த திருட்டு. ஜீவராணியிடம் நேராகக் கேட்டேன், “ஒனக்கு யாரு குடுத்தா?” என்று. “யாரும் குடுக்கல மாமா, திருடுனதுதான்” என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்! வெட்கமே இல்லை. அன்றிலிருந்து லயத்தில் எவரும் எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி தருவதில்லை.

இப்போது உங்களைப் பற்றி. வயதில் பெரியவர், மரியாதை குறைவாக நினைக்க வேண்டாம். போன தீபாவளிக்கு நான் அங்கே வந்தபோது உங்கள் கடைக்குப் பின்னால், தண்ணீர் டாங்கி நிழலில், ஒரு பால்மா டின்னில் ஒரு செடி நின்றது. கினிகத்தேனை வெக்கையில் வாடி வதங்கி, இரண்டே பூ. இரண்டும் வெள்ளை. அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். அது எப்படி வந்தது? போன வருஷம் பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது எங்கள் வாசலில் நின்று வெகுநேரம் ‘காத்து வாங்கியது’ எனக்கு நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் தங்கை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் விசாரித்துச் சொல்லவும்.

மச்சான், கோபத்தில் நிறைய எழுதிவிட்டேன். உள்ளதைச் சொன்னால், வீடு வீடாக இல்லை. மகன் கிஷாந்த் கொழும்பில் கிடக்கிறான், சித்திரைக்கு வந்துவிட்டுப் போனதோடு சரி. நாலு நாளாக நான் கடை ரொட்டிப் பாணும் சம்பலும்தான் சாப்பிடுகிறேன். ராத்திரி குளிருக்கு எழுந்தால், பக்கத்தில் யாரும் திட்டுவதற்கு இல்லை. செடிகளுக்கு எவ்வளவு தண்ணி ஊற்றுவது என்றுகூட எனக்குத் தெரியாது, மலையில் தேயிலைக்குத் தண்ணியை மழைதான் ஊற்றியது. அவள் இல்லாமல் என்னால் முடியாது. ஆனாலும் நியாயம் நியாயம்தான். ஆகவே அவளை அனுப்பும்போது கீழ்க்கண்டவற்றுக்கு அவள் சம்மதிக்க வேண்டும். செரீபா என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், லயத்தில் உள்ள வெள்ளை ஜிமிக்கி அத்தனையும் எங்கள் வாசலுக்குத் திரும்பி வர வேண்டும், அந்த ‘சொல்லக்கூடாத’ விஷயத்தை அம்மாக்கண்ணு என்னிடம் சொல்லிவிட வேண்டும். இந்த மூன்றுக்கும் சம்மதம் என்றால் உடனே அனுப்பி வையுங்கள். இல்லையென்றால் இரண்டாவதை விட்டுக்கொடுக்கவும் நான் தயார்.

வீரம்மா அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் படிப்பும் உங்கள் வியாபாரமும் மேலும் மேலும் பெருகட்டும். அம்மாக்கண்ணுவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, சாப்பிட்டாளா என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
நியாயத்தின் பக்கம் தனியாக நிற்கும்
உங்கள் அன்பு மச்சான்,
மாயாண்டி

பின்குறிப்பு: உறையின் ஓரம் பிரிந்திருப்பதைப் பார்த்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். பிரித்தது நான்தான்.

ஒட்டி முடித்துக் காய வைத்திருந்தபோது வாசலில் ஹலீம் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் கதவைப் பாதி சாத்தினேன். அவர் கையில் ஒரு பை நிறைய அவர் பேக்கரிப் பணிஸ். “நாலு நாளா ஒங்க வீட்டுல அடுப்புப் புகையலன்னு செரீபா கேள்விப்பட்டுச்சு. கொண்டு போய்க் குடுங்கன்னு விரட்டி விட்டிருச்சு” என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார், ஆணியில் தொங்குகிற பாலிதீன் பையைப் பார்த்தார், சிரித்தார். “மாயாண்டிண்ணே, ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா? கேட்டு வாங்குன செடி தழைக்காதுன்னு இந்தப் பொம்பளைங்களுக்கு ஒரு நம்பிக்கை. களவெடுத்து நட்டாத்தான் புடிக்குமாம். அதனால ஒருத்தி கேப்பா, மத்தவ ‘தர மாட்டேன்’னுவா, சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவா. அதான் குடுக்குறது. நன்றி சொல்லக்கூடாது, வெளிய பேசவும் கூடாது, பேசினா பட்டுப்போயிருமாம்” என்றார்.

முப்பது வருஷமாக ‘தர மாட்டேன்’ ‘தர மாட்டேன்’ என்று சொல்லிச் சொல்லி லயம் முழுக்கக் கொடுத்திருக்கிறாள், நான் அவளைக் கஞ்சப்பிசினாறி என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அதோடு விட்டாரா ஹலீம்? “முப்பது வருசத்துக்கு முந்தி அம்மாக்கண்ணு அக்கா அந்த வெள்ளைய எங்கிருந்து எடுத்தாங்கன்னு நெனைக்கிறீங்க? எங்க வாசல்ல. எங்க உம்மா அன்னைக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்னாங்க, கூட நானும் திரும்பி நின்னேன். போன வருசக் கடைசி மழையில மேடு சரிஞ்சு எங்க செடி மண்ணோட போயிருச்சு. உம்மா நட்டது. அதான் செரீபா ஒங்ககிட்ட வந்துச்சு” என்றார். மச்சான், பொருளுக்குச் சொந்தக்காரியை ஊர் கூட்டிக் களவாணி என்று நான் சொல்லியிருக்கிறேன். என்னை நானே எதால் அடித்துக்கொள்வது? பாலிதீன் பைக்குள் அந்த நாலு குச்சியும் கருகிப் போயிருந்தன.

நான் எழுந்து நின்று, “தர மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பிறகு ஹலீம், “அண்ணே, எங்கிட்ட பிளேடு இல்லையே” என்றார். திரும்பிப் பார்க்காமலே என் கவ்வாத்துக் கத்தியை முதுகுக்குப் பின்னால் நீட்டினேன். வாசலில் நாலு வெட்டுச் சத்தம் கேட்டது. அவர் போன பிறகுதான் திரும்பினேன். நாளைக்கு விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் நின்று செரீபாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் அம்மாக்கண்ணுவிடம் படித்துக் காட்ட வேண்டாம். பால்மா டின் பற்றிக் கேட்டதை மறந்துவிடுங்கள். மூன்று நிபந்தனையும் கிடையாது. அவளை அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருக்கிறேனே, அதையும் அடித்துவிடுங்கள், நான் கேட்கவே இல்லை. இந்தக் கடிதத்தை இன்றைக்குச் சாயங்காலக் கடைசி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை மத்தியானத்துக்குள் நான் உங்கள் கடை வாசலில் இருப்பேன். என்னைக் கண்டதும், “என் தங்கச்சிய அனுப்ப மாட்டேன்” என்று அவள் காதில் விழுகிற மாதிரி பலமாக ஒரு சத்தம் போடுங்கள். போட்டுவிட்டு, மச்சான், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்ளுங்கள்.